ஒல்லாந்தர் வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெட்டகம்

இலங்கையில் ஒரு பொருள் சட்டப்படி தொல்பொருள் ஆவதற்கு ஓர் எல்லைத் திகதி உண்டு. அது 1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் திகதி. கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த உடன்படிக்கை கைச்சாத்தான நாள் அது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், அந்த நாளுக்கு முற்பட்டது என்று நியாயமாகக் கருதக்கூடிய பொருளையே தொல்பொருள் என்று வரையறுக்கிறது. மார்ச் 1ஆம் திகதி ஒரு தச்சன் செய்த கதிரை தொல்பொருள். அதே தச்சன் மறுவாரம் செய்த அதே மாதிரிக் கதிரை வெறும் பழைய தளபாடம். நாடு சுதந்திரத்தை இழந்த நாளோடு பழைமையும் முடிந்துவிட்டது என்று சட்டம் வகுத்தவர்கள் எண்ணினார்கள் போலும்.

அண்மையில் காலிக் கோட்டைக்குள் இருக்கும் பழம்பொருள் அங்காடி ஒன்றில் ஒரு முழுப் பகற்பொழுதைக் கழித்தபோது, இந்தத் திகதி என் மனதைவிட்டு அகலவேயில்லை. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த அங்காடி இருக்கும் வீட்டைக் காலியின் கதையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

காலிக் கோட்டையில் முதலில் அரண் அமைத்தவர்கள் போர்த்துக்கேயர். 1640இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினார்கள். கொழும்பு அவர்கள் கைக்கு வர மேலும் 16 ஆண்டுகளும், யாழ்ப்பாணம் வர 18 ஆண்டுகளும் சென்றன. ஆகவே, தொடக்க காலத்தில் இலங்கையில் ஒல்லாந்தருக்குத் தலைமை இடமாக இருந்தது காலிதான். தரைப் பக்கத்தில் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயரிட்ட மூன்று கொத்தளங்களை எழுப்பி, கடல் சூழ்ந்த முனை முழுவதையும் மதிலால் வளைத்தார்கள். பழைய வாயிலின் உட்புறத்தில் இரண்டு சிங்கங்கள் தாங்கிய கம்பனி முத்திரையும், உச்சியில் ஒரு சேவலும், 1669 என்ற ஆண்டும் இன்றும் காணக் கிடைக்கின்றன. வெளிப்புறத்தில் ஆங்கிலேயர் பின்னர் தமது அரச இலச்சினையைப் பொறித்துக்கொண்டார்கள். வீட்டைப் பிடித்தவன் வெளிக்கதவுக்கு மட்டும் வர்ணம் பூசிய மாதிரி.

அந்தக் கம்பனியின் முத்திரை மூன்று எழுத்துகளால் ஆனது: வீ, ஓ, சீ. 1602இல் தொடங்கி 1799இல் கடனில் மூழ்கி மறைந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பெயரெழுத்துகள் அவை. தமிழ் வாசகனுக்கு இந்த மூன்று எழுத்துகளும் வேறொருவரை நினைவூட்டும். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயருக்குப் போட்டியாகக் கப்பல் விட்ட வ.உ.சி.யின் பெயரெழுத்துகளை ஆங்கிலத்தில் எழுதினாலும் இதேதான் வரும். ஒல்லாந்தர் செப்புக்காசு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொன்னபோது அங்காடிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் தமிழ் மொழிமூலம் படித்தவர் அல்லவா!

1796இல் காலி ஆங்கிலேயர் வசமாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து கீழைத்தேசம் செல்லும் தபால் நீராவிக் கப்பல்கள் இங்குதான் தரித்தன. பின்னர் கொழும்புத் துறைமுகத்தில் அலைதாங்கி கட்ட முடிவாகி, 1875இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. காலியின் யோகம் அதோடு முடிந்தது. கப்பல்கள் கொழும்புக்குப் போயின. வர்த்தகர்கள் அவற்றின் பின்னால் போனார்கள். என்னைக் கேட்டால், காலிக் கோட்டை இன்று இவ்வளவு முழுமையாக நிற்பதற்கு இந்த வறுமையே காரணம் என்பேன். செழித்த ஊரில் பழைய வீட்டை இடித்துப் புதிய வீடு கட்டுவார்கள். கொழும்புக் கோட்டையின் மதில்களை ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டிலேயே இடித்துத் தள்ளினார்கள். காலியில் இடிக்கப் பணமும் இருக்கவில்லை, தேவையும் இருக்கவில்லை.

1988இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைச் சின்னமாகப் பிரகடனம் செய்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, மதிலுக்கு வெளியே பேருந்து நிலையமும் கிரிக்கெட் மைதானமும் கடைத்தெருவும் அழிந்தன. மதிலுக்கு உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் தப்பினார்கள். பீரங்கிக் குண்டுக்காகக் கட்டிய மதில் கடலைத் தடுத்தது.

அங்காடி இருக்கும் தெருவின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். உரிமையாளர் அதை விரும்பவில்லை. கோட்டைக்குள் லெயின் பான் வீதி என்று ஒரு தெரு உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் கயிறு முறுக்கிய இடம் என்பது அந்தப் பெயரின் பொருள். அதில் பழைய வீடொன்றைச் சீரமைத்து, இரத்தினக்கல் வர்த்தகர் ஒருவர் தமது சேகரிப்பை 1992 முதல் அரும்பொருளகமாகக் காட்டி வந்தார். பலர் அறிந்த இடம். நான் சொல்லும் அங்காடி அதுவன்று. அதைவிடச் சிறியது, அதைவிட இருள் சூழ்ந்தது.

வீட்டின் அமைப்பு அசல் ஒல்லாந்தர் பாணி. தெருவோரமாகத் தூண்கள் தாங்கிய நீண்ட விறாந்தை. அதன்பின் உயர்ந்த கூரையுடைய மண்டபம். அதையும் கடந்தால் நடுமுற்றம், ஒரு மூலையில் கிணறு. சுவர்கள் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டியவை. யன்னல் குந்தில் ஒருவர் சம்மணமிட்டு உட்காரலாம், அத்தனை அகலம். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே கால்வைத்ததும் கிணற்றடிக் குளிர்ச்சி. பீங்கான், பித்தளை, மரத்தூள், பழைய காகிதம் எல்லாம் கலந்த ஒரு வாசனை. பழைய பத்திரிகைக் கந்தோர்களின் கோப்பறைகளில் இதே வாசனையை நான் நுகர்ந்திருக்கிறேன்.

"வாங்க சேர், இரிங்க. வாங்க வேணுமெண்டில்ல, சும்மா பாருங்க" என்றார் உரிமையாளர். அறுபதை அண்டிய வயது. மூன்று தலைமுறையாகக் கோட்டைக்குள் வாழும் முஸ்லிம் குடும்பத்தவர். முன்னோர் இரத்தினக்கல் வியாபாரிகள். கலங்கரை விளக்கத்தருகே 1904இல் எழுந்த மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல், தூரத்தில் நின்று பார்ப்பவருக்குக் கத்தோலிக்கத் தேவாலயம் போலவே தெரியும். அந்தப் பள்ளிவாசலின் ஜமாஅத்தைச் சேர்ந்தவர். தென்னிலங்கை முஸ்லிம்களுக்கே உரிய இனிமையான தமிழ் அவருடையது. நான் அவரை "நானா" என்றே அழைத்தேன்.

சுற்றிப் பார்த்தேன். சாய்மனைக் கதிரைகள், வட்ட இருக்கையும் ஆறு கால்களும் கொண்ட 'பர்கோமாஸ்டர்' கதிரை ஒன்று, கருங்காலி அலுமாரி, முதிரை மரத்து எழுத்து மேசை, நீலப் பூவேலை செய்த பீங்கான்கள், தட்டச்சுப் பொறிகள், வால்வு வானொலிகள், கிராமபோன் ஒன்றின் பித்தளைப் புனல், எனாமல் விளம்பரப் பலகைகள். ஒரு மூலையில் கலமந்தர் மரத்தால் செய்த சிறு பெட்டி. கபிலமும் கறுப்பும் வரிவரியாக ஓடும் அந்த மரம் இலங்கைக்கே உரியது. ஐரோப்பியரின் ஆசைக்குத் தளபாடமாகியே ஏறக்குறைய அழிந்துபோனது. அந்தப் பெட்டியை மட்டும் அவர் கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருந்தார்.

இவ்விடத்தில் ஒரு விடயத்தைச் சொல்லாமல் நகர முடியவில்லை. இந்தப் பொருட்கள் எல்லாவற்றையும் "ஒல்லாந்தர் சாமான்" என்றே விற்கிறார்கள். ஆனால் நாம் அவற்றை என்ன சொல்லி அழைக்கிறோம்? அலுமாரி, மேசை, கதிரை, வாங்கு, யன்னல், சாவி, கோப்பை, பீப்பாய். எல்லாமே போர்த்துக்கேயச் சொற்கள். ஒல்லாந்தர் ஏறக்குறைய 140 ஆண்டுகள் நம்மை ஆண்டு நமது நாவில் விட்டுச் சென்றவை கந்தோர், துட்டு, போஞ்சி, கக்கூசு முதலான கொஞ்சம் சொற்களே. ஒல்லாந்தரின் ஆட்சியிலும் கடைத்தெருவிலும் சமையலறையிலும் போர்த்துக்கேய மொழியே பொதுமொழியாக நீடித்தது. ஒல்லாந்த உத்தியோகத்தரின் மனைவியர் பலரும் வேலைக்காரரோடு அந்த மொழியில்தான் பேசினார்கள். சாமானைச் செய்வித்தவன் ஒல்லாந்தன், பெயர் வைத்தவன் போர்த்துக்கேயன், செய்தவன் நமது தச்சன்.

சாமானையும் ஒல்லாந்தர் செய்வித்தது என்று எளிதில் நம்பிவிடக் கூடாது. "ஒல்லாந்தர் காலத்துத் தளபாடம்" என்று விலை சொல்லப்படுவதில் பெரும்பகுதி, ஆங்கிலேயர் காலத்தில் மொறட்டுவைத் தச்சர்களும் காலித் தச்சர்களும் பழைய மாதிரியைப் பார்த்துச் செய்தது. அதிலும் ஒரு பகுதி போன ஆண்டு செய்தது. நானா இதை ஒளிக்கவில்லை. மேசை இலாச்சி ஒன்றை இழுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து எனக்குப் பாடம் நடத்தினார். முகப்பைப் பார்க்காதே, முதுகைப் பார் என்பது அவரது சூத்திரம். பலகையின் பின்புறத்தில் வளைவளைவாக அரத்தின் தழும்பு இருந்தால் அது வட்ட வாளால் அறுத்தது; 19ஆம் நூற்றாண்டுக்கு முன் போகாது. நேர்கோடாக, ஒழுங்கற்றுத் தழும்பிருந்தால் இருவர் இழுத்த கைவாள். ஆணித்தலை சதுரமாக அடிபட்டிருந்தால் கொல்லன் அடித்த ஆணி. உருண்டு மினுங்கினால் இயந்திரக் கம்பி ஆணி. திருகாணியின் நுனி கூராக இருந்தால் அது 1850ஐ ஒட்டியோ அதன் பின்னரோ வந்தது, அதற்கு முந்தியவை மொட்டை நுனி கொண்டவை. "முகத்துக்குப் பவுடர் பூசலாம் சேர், முதுகுக்கு யாரு பூசப் போறாங்க?" என்றார்.

காசுகளின் கதை இன்னும் சுவையானது. கோட்டை மதிலில் நடக்கும் உல்லாசப் பயணிகளிடம் சிறுவர்கள் நீட்டும் "கடலில் கண்டெடுத்த" ஒல்லாந்தர் காசுகள் பெரும்பாலும் அச்சில் வார்த்தவை. எழுத்தின் விளிம்பு சவர்க்காரம் போல் மழுங்கியிருக்கும், ஓரத்தில் வார்ப்புக் கோடு தெரியும். உண்மையான துட்டு அடிக்கப்பட்டது. எழுத்து வெட்டியதுபோல் கூராக நிற்கும். நானாவிடம் இருந்தவற்றில் ஒரு பக்கம் கம்பனியின் மூன்றெழுத்து, மறுபக்கம் ஒல்லாந்த மாகாணம் ஒன்றின் இலச்சினை. அவற்றோடு தடித்து உருண்ட சில செப்புக் காசுகளும் கிடந்தன. 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஐரோப்பாவிலிருந்து காசு வந்து சேராத நெருக்கடியில் இலங்கையிலேயே அடித்த ஸ்டூவர் காசுகள் இவை. அடித்த ஊரைக் காட்ட ஓர் எழுத்து உண்டு. சீ என்றால் கொழும்பு, ஜீ என்றால் காலி, டீ என்றால் திருகோணமலை, ஐ என்றால் யாழ்ப்பாணம். அக்கால ஐரோப்பிய எழுத்து வழக்கில் ஐயும் ஜேயும் ஒன்றே. யாழ்ப்பாணத்து எழுத்துப் பொறித்த காசு ஒன்றை அவரது பெட்டியில் தேடினேன். கிடைக்கவில்லை.

காசு கிடைக்காவிட்டால் என்ன, யாழ்ப்பாணமே அங்கு கிடைத்தது. நடுமுற்றத்துக்கு அப்பால், முன்பு சமையலறையாக இருந்த நீண்ட அறைக்கு என்னை அழைத்துச் சென்றார். "இதெல்லாம் ஒங்கட ஊர்ச் சாமான் சேர்" என்றார்.

மூக்குப்பேணிகள் பதினொன்று. எண்ணிப் பார்த்தேன். சருவங்கள், குத்துவிளக்குகள், வெற்றிலைத் தட்டுகள், பாக்குவெட்டிகள், கைபிடி தேய்ந்த சுளகு ஒன்று, திருவலகை ஒன்று. வாய்படாமல் அண்ணாந்து குடிப்பதற்காக மூக்கு வைத்த பேணியை வெள்ளைக்காரர்கள் பால் ஊற்றும் குவளை என்று எண்ணி வாங்குவார்களாம். சுவரோடு சாய்த்து வைத்திருந்த இரட்டைக் கதவு ஒன்றின் நிலைப்படியில் மஞ்சள் தடவிய கறை இன்னும் போகவில்லை.

இந்தச் சாமான்கள் வந்த வழியை விளங்கிக்கொள்ள அதிகம் ஆராயத் தேவையில்லை. 2009இல் போர் முடிந்து ஏ9 வீதி தடையின்றித் திறந்தபின் தெற்கிலிருந்து பழம்பொருள் வாங்குவோர் லொறிகளோடு வடக்கே போனார்கள். அங்கே வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும். ஓட்டை ஒழுகும் நாற்சார் வீட்டை இடித்து மாடி எழுப்ப அங்கிருந்து காசு வருகிறது. பழைய கதவும் அலுமாரியும் இடத்தை அடைக்கும் குப்பை. கேட்ட விலைக்குக் கொடுத்தார்கள், சில வீடுகளில் அதைவிடக் குறைத்தும் கொடுத்தார்கள். இதைக் கொள்ளை என்று நாம் சொல்ல முடியாது. கையொப்பமிட்டு விற்றதுதான்.

ஒரே கம்பனி கட்டிய இரண்டு கோட்டைகளை ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. யாழ்ப்பாணத்து ஐங்கோணக் கோட்டையும் காலிக்கு இணையானதே. ஒல்லாந்தர் ஆசியாவில் கட்டியவற்றில் அமைப்பில் மிகச் சிறந்தது அதுவே என்று கருதுவோர் உண்டு. அதன் உள்ளே 1706இல் சிலுவை வடிவில் எழுந்த ஒல்லாந்தத் தேவாலயம் இருந்தது. காலியில் 1755இல் நிறைவுற்ற தேவாலயத்துக்கு மூத்தது. 1990இல் நடந்த முற்றுகையிலும் அதன் பின்னான காலத்திலும் அந்தத் தேவாலயம் அத்திவாரம்வரை அழிந்தது. போர் முடிந்தபின் நெதர்லாந்தின் உதவியோடு மதிலைத் திருத்தினார்கள். உள்ளே நடந்தால் கற்குவியல்தான். காலிக் கோட்டையில் மக்கள் வாழ்ந்தார்கள். யாழ்ப்பாணக் கோட்டையில் எந்தக் காலத்திலும் படையும் அதிகாரமுமே வாழ்ந்தன. ஒன்று நின்றதற்கும் மற்றது விழுந்ததற்கும் போர் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். பிட்டு அவித்து, துணி காயப்போட்டு, பிள்ளை பெற்று வாழ்ந்த மதிலை இடிக்க எவருக்கும் எளிதில் கை வராது.

நானாவிடம் ஒரு கேள்வியைக் கேட்கத் தயங்கிக் கேட்டேன். எங்கள் வீட்டுச் சாமான்களை இப்படி வாங்கி அடுக்கும்போது மனதுக்கு எப்படி இருக்கும் என்று. அவர் உடனே பதில் சொல்லவில்லை. தேநீர் வந்தது. குடித்து முடித்தபின் சொன்னார்.

அவருடைய மனைவியின் தாயார் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்கள் அத்தனை பேரையும் வெளியேற்றியபோது, உடுத்த உடையோடு வந்தவர்களில் அவரும் ஒருவர். வடக்கிலிருந்து அந்த மாதம் வெளியேற்றப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் தங்கினார்கள். இந்த அம்மையார் மகளின் வீட்டுக்குக் காலிக்கு வந்து சேர்ந்தார். அவரது சீதன அலுமாரி வேப்பமரத்தால் செய்தது. கதவின் உட்பக்கத்தில் கண்ணாடி, அதன் கீழே மகள் குழந்தையாக இருந்தபோது ஆணியால் கீறிய கோணல் கோடுகள். திருட்டுக் குற்றம் எவர்மீதும் சுமத்தி அவர் பேசியதில்லையாம். ஆனால் சாகும்வரை, இந்த அறைக்கு யாழ்ப்பாணத்து அலுமாரி எது வந்தாலும் மெல்ல நடந்து வந்து கதவைத் திறந்து உட்பக்கம் பார்ப்பாராம்.

"மாமி மவுத்தாகி ஆறு வருசமாச்சு சேர். இப்ப என்ட வைஃப் வந்து பாக்கிறா" என்றார்.

இதற்கு மேல் அந்தக் கேள்வியை நான் தொடரவில்லை. நமது பக்கத்தில் இந்த வெளியேற்றத்தைப் பற்றிப் பேசும்போது வாக்கியங்கள் வழுக்கிக்கொண்டு போவதை முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் பார்த்திருக்கிறேன். பேச்சை மாற்ற நானாவே உதவினார். அந்தப் பெட்டகத்தைக் காட்டினார்.

நாலடி நீளம், இரண்டரை அடி உயரம், பலாமரம், மூலைகளுக்குப் பித்தளைத் தகடு, அடியில் மரச் சில்லுகள். யாழ்ப்பாணத்து வீடுகளில் உறுதிகளும் நகையும் கூறைச்சேலையும் வைத்து, அதன்மேல் பாய் விரித்து வீட்டுத் தலைவர் படுத்துறங்கிய வகை. நானாவின் பாடத்தின்படி முதுகைப் பார்த்தேன். அரத்தின் தழும்பு வளைவாக ஓடியது. ஆணி கம்பி ஆணி. நூறாண்டு இருக்கலாம். 1815ஐ எட்டிப்பிடிக்க இன்னும் நூறாண்டு வேண்டும். தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்கு இது கண்ணில் படாது. கலாசார ஆதனங்களின் ஏற்றுமதியையும் வியாபாரத்தையும் கட்டுப்படுத்த 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டம் ஒன்று உண்டு. ஆனால் பழைய வீட்டுப் பெட்டகம் ஒன்றின் மூடியை உள்ளூரில் ஒரு தச்சன் இழைப்பதை எந்தச் சட்டமும் மறிப்பதில்லை.

மூடியை இழைப்பது என்று சொன்னேன். காரணம், மூடியின் உட்புறம் முழுக்கப் பென்சில் எழுத்து. அடுத்த வாரம் அதைச் சிராய்த்து, அரக்குப் பூசி, கொழும்பில் ஒரு விடுதிக்கு அனுப்ப வேண்டும். வாங்கியவர்கள் கிறுக்கல் இல்லாமல் கேட்டிருக்கிறார்கள். விலை பேசி முடிந்துவிட்டது.

காலியில் எழுத்து தப்பிப் பிழைத்த கதை ஒன்று உண்டு. 1911இல் இந்த ஊரில் பொறியியலாளர் ஒருவர், நீர் வடியும் மதகின்மேல் கவிழ்த்து மூடியிருந்த கற்பலகை ஒன்றைக் கண்டார். திருப்பிப் பார்த்தால் மூன்று மொழிகளில் எழுத்து: சீனம், தமிழ், பாரசீகம். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்து நாட்டிய கல் அது. அதில் உள்ள ஆண்டு 1409. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்கோடித் தெவிநுவரையில் எழுந்தருளியிருந்த தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாமிய மரபுக்கும் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. ஒரு சீனப் பேரரசன் இலங்கையின் தென்முனையில் நிறுத்தும் கல்லுக்குத் தமிழை ஒரு மொழியாகத் தெரிந்தெடுத்திருக்கிறான் என்பதை, தெற்குக்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் கொழும்பு அரும்பொருளகத்துக்குச் சென்று நேரில் பார்க்கலாம். அந்த நாயனாரின் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் தரைமட்டமாக்கினார்கள். கல் மட்டும், எழுத்துப் பக்கம் கீழே கவிழ்ந்து கிடந்ததால், வண்டிச் சக்கரத்துக்கும் மழைக்கும் தப்பியது.

பெட்டக மூடியின் எழுத்தும் அப்படித்தான் தப்பியிருக்கிறது. தொண்ணூறு ஆண்டுகளாக வெளிச்சம் படவில்லை. நேற்று எழுதியதுபோல் இருந்தது. நானாவிடம் அனுமதி கேட்டேன். "எழுதிக்கொள்ளுங்க சேர், படமும் புடிங்க" என்று ஒரு கைவிளக்கையும் முக்காலியையும் கொண்டுவந்து தந்தார். தாமே விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு கைகளின் எழுத்து. ஒன்று பழகிய, சாய்ந்த எழுத்து. புள்ளி வைப்பதில்லை, ஓலை எழுதிப் பழகியவர் போலும். மற்றது பள்ளிக்கூடத்து வட்டெழுத்து. சாய்ந்த கை எழுதியவை பெரும்பாலும் பற்றுவரவு. பவ வருடம் தை மாதம் என்று தொடங்குகிறது. கணக்குப் பார்த்தால் 1935ஆம் ஆண்டு தொடக்கம். யாருக்கு எத்தனை புசல் விதைநெல், யாருக்கு எத்தனை கொத்து எள், துலாவுக்கு மரம் வாங்கிய காசு, கோயில் திருவிழாவுக்கு உபயம், புகையிலைக் கன்று நட்ட கூலி. திருப்பிக் கொடுத்தவர் பெயரின்மேல் ஒரு கோடு. நடுவில் ஒரு பிள்ளை பிறந்த நாழிகையும் நட்சத்திரமும். அதற்கு மூன்று வரி கீழே அதே பிள்ளையின் பெயர், ஒரு திகதி, வேறொன்றும் இல்லை.

வட்டெழுத்துக்காரி பெண் என்று எண்ணுகிறேன். சேலைகளின் கணக்கும், அடகு வைத்த அட்டியல் ஒன்றின் எடையும், கொழும்புக்குக் கடிதம் போட்ட நாட்களும் அவளுடையவை. கொழும்பில் யார் இருந்தார் என்று எழுதவில்லை. எழுதவேண்டிய தேவை அவளுக்கு இருந்திருக்காது. பெயர்களை நான் இங்கு தரவில்லை. அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் எங்கோ இருப்பார்கள்; அவர்களது பாட்டனின் கடன்காரர் பட்டியலை உலகுக்குக் காட்ட எனக்கு உரிமையில்லை. ஊரின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. வடக்குப் பக்க வேலி, கிணற்றடி வளவு, ஆலடி வயல் என்றுதான் வருகிறது. அப்படிப்பட்ட வேலியும் வளவும் யாழ்ப்பாணத்தில் எந்த ஊரில் இல்லை?

ஒன்றரை மணி நேரம் எழுதினேன். எண்பத்தேழு வரிகள். படங்களும் எடுத்துக்கொண்டேன். முற்றத்தில் வெயில் சாய்ந்து கிணற்றுக் கட்டில் ஏறியபோது நானாவின் மனைவி வந்து வாசலில் நின்று, மூடியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "அலுமாரி இல்லையே, பெட்டகம்தானே" என்று சொல்லி உள்ளே போனார்.

கடைசிப் பகுதியை வாசிக்கச் சற்றுக் கடினமாக இருந்தது. மூடியின் விளிம்பில் கைபட்டுத் தேய்ந்திருக்கிறது. ஆவணி மாதம், ஒருவருக்கு விதைநெல் நான்கு புசல், அறுவடைக்குத் தருவதாகச் சொன்னது. அந்தப் பெயரின்மேல் கோடு இல்லை.